ஆடுகளமும் அகதிப் பிள்ளையும்

"விளையாட்டுச் சோறு போடுமா?" என்று கேட்காத பெற்றோர் நம்மிடையே அரிது. யுத்தத்துக்குத் தப்பி வந்த குடும்பங்களில் இக்கேள்வி மேலும் அழுத்தமாகவே எழுகின்றது. வீடும் காணியும் இழந்து வந்த நாம், பிள்ளைகளின் கல்வியொன்றையே எவராலும் பறிக்க முடியாத சொத்தாகக் கருதுகின்றோம். அது நியாயமே. ஆயினும், ஹஸெம் எல் மஸ்ரி என்ற றக்பி லீக் வீரரின் வாழ்வை நம் பெற்றோர் ஒருமுறை நோக்குதல் நன்று.

அவர் 1976இல் லெபனானின் திரிப்போலி நகரிற் பிறந்தவர். அதற்கு முந்திய ஆண்டிலேயே அங்கு உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அது ஓயுமுன்னரே, 1988இல், அவர் குடும்பத்துடன் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சிட்னியிற் குடியேறினார்.

கொழும்பிலும் கண்டியிலும் நாம் கண்ட றக்பியில் அணிக்குப் பதினைந்து பேர். றக்பி லீக்கில் பதின்மூன்று பேர். 1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் தாய்ச் சங்கத்தை விட்டுப் பிரிந்ததிலிருந்து வளர்ந்தது இது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த வீரர்கள் ஆட்டத்துக்காக இழந்த நாட்கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்பதே அப்பிரிவின் காரணம். ஆகவே நம் பெற்றோர் கேட்கும் அதே கேள்வியிலிருந்தே இவ்வாட்டம் பிறந்தது எனலாம்.

1996இல் எல் மஸ்ரி கன்ரபரி புல்டோக்ஸ் கழகத்தின் முதலணியில் இடம்பெற்றார். மைதானத்தின் ஓரமாக ஓடும் விங் ஆட்டக்காரர் அவர். கம்பங்களுக்கிடையே பந்தை உதைக்கும் பொறுப்போ மூத்தவரான டரில் ஹலிகனிடம் இருந்தது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஹலிகன் ஓய்வு பெற்ற பின்னரே அப்பொறுப்பு முழுமையாக இவரிடம் வந்தது. 2004இல் ஒரே பருவத்தில் 342 புள்ளிகளைக் குவித்தார். அவ்வாண்டு இறுதியாட்டத்திற் கழகமும் 16–13 என வென்றது. 2009இல் ஓய்வு பெற்றபோது, 317 ஆட்டங்களில் 2,418 புள்ளிகள் அவர் பெயரில் இருந்தன. 2019இல் கமரன் ஸ்மித் கடக்கும்வரை அச்சாதனை நிலைத்தது.

அப்புள்ளிகளில் 1,782 உதைகளால் வந்தவை. ஒவ்வோர் உதைக்கும் இரண்டு புள்ளிகளாக 891 உதைகள். அசையாத பந்தின்முன் தனித்து நின்று, ஒரே செயலை ஆண்டுக்கணக்கிற் திரும்பத் திரும்பப் பழகியதன் பயன் அது. கணக்குப் பாடத்துக்கு நாம் பிள்ளைகளிடம் கேட்கும் பொறுமையும் இதுவன்றோ!

அவர் 2000இல் உலகக் கிண்ணத்தில் லெபனானுக்காகவும், 2002இல் அவுஸ்திரேலியாவுக்காகவும் ஆடினார். பிறந்த மண்ணையும் வாழும் மண்ணையும் ஒருவர் சேர்த்தே சுமக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும் இத்தொழிலின் மறுபக்கத்தை மறைத்தல் தகாது. 2002இல் புல்டோக்ஸ் தொடர்ந்து பதினேழு ஆட்டங்களில் வென்று முன்னணியில் நின்றது. கழகம் சம்பள உச்சவரம்பை மீறியமை வெளியாகவே, 37 புள்ளிகள் பறிக்கப்பட்டு அணி கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. நிர்வாகம் செய்த பிழைக்கு, வீரர்கள் ஒரு பருவம் முழுவதும் சிந்திய வியர்வை விலையாயிற்று. காயமும் எந்நேரமும் வரலாம். எல் மஸ்ரி விடைபெற்றபோது அவருக்கு வயது முப்பத்துமூன்று. பிற தொழில்களில் மனிதர் காலூன்றும் வயது அது.

ஆதலால் பெற்றோருக்கு நாம் கூறுவது இதுதான். மைதானத்துக்குச் செல்லும் பிள்ளையை மறிக்க வேண்டாம். படிப்பைக் கைவிடவும் இடமளிக்க வேண்டாம். ஏதேனும் கழகம் ஒப்பந்தத்துடன் வீடு தேடி வருமாயின், மகிழ்ச்சியில் உடனே கையொப்பமிடாது, காயமுற்றாற் சிகிச்சைச் செலவு யாருடையது, படிப்புக்கு நேரம் உண்டா, எத்தனை ஆண்டுக்கு வருமானம் உறுதி என்பவற்றை எழுத்திற் கேளுங்கள். அதற்கு முன்பாக, வரும் சனிக்கிழமை வேலை நேரத்தைச் சற்று மாற்றி, பிள்ளை ஆடும் மைதானத்தின் ஓரத்தில் ஒருமுறை நின்று பாருங்கள்.