மகாவலிக் கரையோரமாக ஒரு நடை

பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சென்று வந்தோம் என்று கூறும் குடும்பத்தினரிடம், "மகாவலியைக் கண்டீர்களா?" என்று வினவிப் பாருங்கள். பலர் சற்றே திகைப்பர். ஒர்க்கிட் மலர்க்கூடம் கண்டிருப்பர். பெரிய புற்றரையிலே வரிசையாக நின்று படம் பிடித்திருப்பர். அரச பனை வரிசையின் நடுவே பிள்ளைகள் ஓடியிருப்பர். பின்னர் வாயிலுக்கு வெளியே கச்சான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பர். தோட்டத்தை மூன்று பக்கமும் வளைத்து ஓடும் ஆறு மட்டும் அவர்கள் கண்ணிற் படாமலே போயிருக்கும்.

குடும்பத்தோடு நடப்பதற்கு அந்த ஆற்றோரத்தைப் போன்ற இடம் மலையகத்தில் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. கண்டியைச் சுற்றியுள்ள நிலமெல்லாம் ஏற்றமும் இறக்கமுமாக இருப்பது. முழங்கால் வலியுள்ள அம்மம்மாவையும் கைக்குழந்தையையும் உடன் அழைத்துச் செல்வோருக்கு மலைப்பாதை உகந்ததன்று. பேராதனைத் தோட்டமோ ஆறு தன் வளைவுக்குள்ளே விட்டுவைத்த நிலம். 147 ஏக்கர் பரப்பில் பெரும்பகுதி சமதரை. பாதைகள் அகன்றவை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஆற்றோரமாகவே நெடுந்தூரம் போகலாம். விரைந்து நடப்பவர் சிறிது நேரத்திலே சுற்றி முடித்துவிடுவர். பிள்ளைகளுடனும் முதியோருடனும் செல்வோர் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி வைப்பது நன்று.

இங்கே பாடசாலைகள் நடத்தும் கல்விச் சுற்றுலாக்களைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் தலதா மாளிகை, கண்டி வாவி, பேராதனைத் தோட்டம், பின்னர் பின்னவல யானைகள் என்று நிரல் போட்டு, விசிலை ஊதிப் பிள்ளைகளை ஓட்டிச் செல்வதைக் காண்கையில் நமக்கு இரக்கமே உண்டாகிறது. அப்பிள்ளைகள் மரங்களைக் காண்பதில்லை. முன்னே செல்லும் பிள்ளையின் முதுகையே காண்கின்றனர். ஆசிரியர் ஒருவர் துணிந்து நிரலில் இரண்டு இடங்களை வெட்டிவிட்டு, மாணவரை ஆற்றோரத்துக்கு அழைத்துச் செல்வாராயின் அவருக்கு நாம் கடமைப்பட்டவர்களாவோம்.

காலையில் தோட்டம் திறந்தவுடன் உட்செல்லுதல் நலம். வெயில் ஏறுமுன் கரையோரத்தில் மனித நடமாட்டமே குறைவு. நாகலிங்க மரத்தருகே சற்று நில்லுங்கள். பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராகிய இளவரசரும் அவர் துணைவியாரும் 1901ஆம் ஆண்டில் நட்ட மரம் அது. சிவலிங்கத்தின்மேல் நாகம் படம் விரித்தாற்போன்ற மலரைக் கண்டு, இம்மரம் நம் கோவில்களோடு பிறந்தது என்று எண்ணுவோர் பலர். அதன் பிறப்பிடமோ தென்னமெரிக்கக் காடு. பீரங்கிக் குண்டு போன்ற காய்கள் தண்டிலிருந்தே தொங்கும். அவற்றின் கீழே பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தவர் 1887இல் நடப்பட்ட பனைவரிசையைக் காணாமற் போகமாட்டார். இத்துணைத் தூரம் வந்து பனையைத்தானா பார்ப்பது என்று இளையோர் நகைக்கலாம். ஆயின் அதனை மனத்திற் கொண்டே ஆற்றோர மூங்கிற் புதர்களுக்குச் செல்லுங்கள். அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது.

அவை பர்மாவிலிருந்து வந்த பெருமூங்கில்கள். நூறடி உயரம் வளரக் கூடியவை. ஒரு தண்டைச் சிறுவன் ஒருவன் இரு கைகளாலும் சுற்றிப் பிடிக்க முயல்வான். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடமாட்டா. மழைக்காலத்தில் நிலத்தைப் பிளந்து வெளிவரும் முளை, தன் முழுத் தடிமனுடனேயே பிறக்கிறது. மரங்கள் ஆண்டுதோறும் பருப்பது போல அது பருப்பதில்லை. உயர்வது ஒன்றே அதன் தொழில். வாய்ப்பான பருவத்தில் ஒரே நாளில் ஓரடிக்கு மேலும் உயரும். காலையிலே பிள்ளையின் முழங்காலளவு நின்ற முளை மறுநாட் காலையில் இடுப்பளவு நிற்கும் என்று சொல்லுங்கள். நம்பாத பிள்ளையும் அதை மறவாது.

தாவரவியலார் மூங்கிலைப் புல்லினத்திற் சேர்க்கின்றனர். தொல்காப்பியரோ வயிரம் வெளிப்புறத்தே அமைந்தவற்றைப் புல்லென்றும் உட்புறத்தே அமைந்தவற்றை மரமென்றும் மரபியலிலே பகுத்தார். அவ்வகையில் மூங்கிலும் பனையும் ஒரே குடும்பத்தவை. இக்காலத் தாவரவியல் பனையை வேறு குடும்பத்தில் வைக்கிறதாயினும், மூங்கில், பனை, நெல் ஆகிய மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்களே என்பதை ஒப்புகிறது. பரீட்சைக்காக இலக்கணமும் விஞ்ஞானமும் தனித்தனியே மனனஞ் செய்யும் மாணவர், இரண்டும் ஒரே புதரடியில் சந்திப்பதை இங்கே காணலாம்.

மூங்கிலின் அடியிலிருந்து ஆற்றைப் பாருங்கள். அமைதியாகவே ஓடுகிறது, ஓடுகின்றதா நிற்கின்றதா என்று சில வேளைகளில் ஐயமுண்டாகும். மிதந்து வரும் ஓர் இலையைக் கண்டே அதன் வேகத்தை அறிய வேண்டும். மீன்கொத்தியொன்று நீலக் கீற்றாகப் பாயும். நீர்க்காகம் பாறையிலிருந்து சிறகை உலர்த்தும். கபரகொய்யா நீந்திப் போவதைக் கண்டு முதலை என்று யாரேனும் கூவுவர். அப்போது ஒரு பிள்ளை கேட்கக்கூடும்: "தண்ணீர் ஏன் மண்ணிறமாக இருக்கிறது?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டாம் என்று பெற்றோரை வேண்டுகிறோம். அதற்குரிய விடையின் ஒரு பகுதி இதே தோட்டத்திலே இருக்கிறது. 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பார் இத்தோட்டத்தை அமைக்கத் தொடங்கியபோது, பணந்தரும் பயிர்களை வளர்த்துச் சோதிப்பதும் அதன் நோக்கமாயிருந்தது. முதலில் கோப்பி. அதற்காக மலைகளிலிருந்த பெருங்காடுகள் வெட்டப்பட்டன. 1869இல் கோப்பியிலையிலே துருநோய் கண்டது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. 1824 அளவிலேயே சீனத்திலிருந்து பேராதனைக்கு வந்து சேர்ந்திருந்த தேயிலை, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பயிரிட்டதன் பின் கோப்பியின் இடத்தைப் பிடித்தது. அத்தேயிலைக்காகவே தென்னிந்தியாவிலிருந்து நம்மவர் இலட்சக்கணக்கில் மலையேறினர். இன்று ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் அட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் வந்து இக்கரையிலே சோற்றுப் பொதி அவிழ்க்கும் குடும்பங்களுட் பல அவர்களின் வழிவந்தவை.

காடு நின்ற சரிவிலே மழைத்துளி இலையில் விழுந்து, சருகில் இறங்கி, மெதுவாக மண்ணுட் புகும். காடு நீங்கிய சரிவிலோ நேரே மண்ணைத் தாக்கும். முற்காலத் தோட்டங்களிலே ஒரு புல்லும் இல்லாமற் களையெடுப்பதே நல்ல துரையின் அடையாளம் என்று கருதப்பட்டது; அதனால் மேல்மண் பெருமளவு கழுவுண்டது. இக்காலத்தில் செங்குத்துச் சரிவுகளிலே காப்பின்றிச் செய்யப்படும் மரக்கறிப் பயிரும் மண்ணை இழக்கச் செய்கிறது. அந்த மண்ணே நம் கண்முன் மிதந்து செல்கிறது. வீடு திரும்பிய பின் அடுத்த மழைக்கு முற்றத்தில் ஓடும் நீரை ஒரு கண்ணாடிப் போத்தலிற் பிடித்து இரவு முழுதும் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். அடியிற் படிந்திருப்பதை மாணவர் தாமே அளந்து கொள்வர்.

"இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்பது அடுத்த கேள்வியாக வரும். மகாவலி 335 கிலோமீற்றர் நீளமுடையது. இலங்கையில் இதனின் நெடிய ஆறு இல்லை. கண்டியைத் தாண்டியதும் பொல்கொல்லையில் ஓர் அணை குறுக்கிடுகிறது. 1976 முதல் ஆற்றின் ஒரு பகுதி அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கவழியே வடக்கே திரும்பி, வறண்ட வலயத்து வயல்களுக்குப் போகிறது. எஞ்சிய நீர் விக்டோரியா முதலிய தேக்கங்களைக் கடந்து, கிழக்கே இறங்கி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கிறது. வெருகலாறு என்பதும் இதன் கிளையே. ஆகவே திருகோணமலையிலிருந்து வந்த குடும்பம் பேராதனையில் நின்று, தம் ஊருக்குப் போகும் நீரைத்தான் பார்க்கின்றது. அந்தப் பிள்ளைகள் ஓர் இலையை விட்டெறிந்து, "எங்கள் ஊருக்குப் போ" என்று சொல்லட்டும்; நடுவே இத்தனை அணைகள் உள்ளன என்பதைப் பெரியவர்கள் அப்போது சொல்லாதிருப்பதே நாகரிகம்.

தோட்டத்துக்கு அருகில் இதே ஆற்றின்மீது முன்னொரு பாலம் இருந்தது. வன்னியிலுள்ளோர் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் தேடும் முதிரை மரத்தாலேயே அது கட்டப்பட்டது. 1833இல் முடிவுற்ற அப்பாலம் ஏறத்தாழ 205 அடி அகலமான ஆற்றை ஒரே வளைவாகக் கடந்தது. ஆணியோ திருகாணியோ இன்றி மரத்தோடு மரம் பொருத்தி அமைத்திருந்தனர். 1905இல் அதை நீக்கிப் புதுப்பாலம் இட்டனர். தோட்டத்தினுள்ளே இப்போதுள்ளது ஒரு தொங்குபாலம். திறந்திருக்கும் வேளையில், பலகையிற் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரும் ஏறலாகாது. நடுவிலே நின்று ஆட்டிக் காட்டும் அண்ணன்மாரை வீட்டிலேயே எச்சரித்து அழைத்து வருக.

அமைதியான ஆறு என்றோம். அமைதி அதன் முழு இயல்பன்று. பேராதனையில் வெயில் எறிக்கும்போதே மேலே மலைகளிற் பெருமழை பெய்திருக்கலாம். கொத்மலைத் தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டிருக்கலாம். அப்போது நீர் ஓசையின்றி உயரும். மணல் அள்ளப்பட்ட ஆறுகளின் அடியிலே பள்ளங்கள் மறைந்திருக்கும். கணுக்காலளவு நீரிலிருந்து அடுத்த அடி கழுத்தளவில் விழும். ஆகையால் கால் நனைப்பதற்கும் இறங்க வேண்டாம் என்பதில் நாம் சிறிதும் விட்டுக்கொடுக்கமாட்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த மழையில் மலையகமெங்கும் மண் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அப்போது இதே மகாவலி பேராதனையில் கரை மீறிப் பாய்ந்தது. புகையிரதப் பாலமும் சேதமுற்றது. இன்று இலை மிதக்கும் இவ்வாறுதான் அன்று அவ்வாறு ஓடிற்று என்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம்; சிறுவர்க்கு வேலிக்கு அப்பால் போகாதே என்பது போதும். எந்தெந்தக் கரைப்பாதைகள் திறந்துள்ளன என்பதை வாயிலிலே கேட்டறிந்து செல்லுங்கள்.

உணவு பற்றிச் சிறிது. இடியப்பமும் சம்பலும் நெடுநேரம் தாங்கா. புளிச்சாதமோ ரொட்டியோ கட்டிக்கொண்டு போவது நல்லது. குரங்குகள் பையின் ஓசையைக் கேட்டே வந்துவிடும். அவற்றுக்கு ஒன்றும் இடாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த குடும்பத்தின் கையிலிருந்து பறிக்கும். பொலித்தீன் உறையை வாழையிலையால் மாற்றிக்கொள்ள முடியுமாயின் மாற்றுக. ஆற்றில் எறிந்தது எங்கே போகும் என்று பிள்ளைக்குச் சற்று முன்னர்தான் விளக்கியிருக்கிறீர்கள்.

மதியத்தை முதியோர் புற்றரையிலுள்ள ஜாவா அத்திமரத்தின் அகன்ற நிழலிலே கழிக்கலாம். பிள்ளைகள் உயர்ந்த மரங்களிலே தொங்கும் பழந்தின்னி வௌவால்களை எண்ணட்டும். கரிய பைகளைக் கொளுவி வைத்தாற்போல அவை ஆயிரக்கணக்கில் தொங்கும். வெப்பம் மிகுந்தால் இறகை விசிறியாக வீசும். விரித்த இறகின் அகலம் நாலடி வரை இருக்கும். பலர் அருவருப்பர். ஆயினும் காட்டு மரங்கள் பலவற்றின் பூக்களிலே மகரந்தம் சேர்ப்பதும், விதைகளைத் தொலைதூரம் கொண்டு சென்று போடுவதும் இவையே. மேலே நாம் கூறிய அந்த மொட்டைச் சரிவுகளில் ஒரு மரமாவது தானே முளைக்க வேண்டுமாயின், இவற்றின் தயவும் வேண்டும்.

தோட்டம் மூடும் வரை இருந்தவர்கள் வாயிலுக்கு வெளியே கண்டி பஸ்ஸுக்காக நிற்கையில் மேலே பார்க்க மறக்க வேண்டாம். வானம் மங்கும் நேரத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, ஆற்றைக் கடந்து, இரை தேடிப் போகும்.