நடந்ததைத் திரும்பச் சாப்பிடலாமா?

எங்கள் வீட்டில் மூன்று மாதம் நடந்த ஒரு முட்டாள்தனத்தைப் பற்றி எழுதப் போகிறேன். முட்டாள் வேறு யாருமில்லை, நான்தான்.

அம்மாவுக்கு சர்க்கரை இருப்பது தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. "எடையைக் குறைங்க, தினமும் நடங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலேஜில் படிக்கிற பிள்ளை வீட்டில் சும்மா இருப்பானா? அம்மாவின் போனில் கலோரி கணக்குப் போடும் ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். உயரம், எடை, வயது எல்லாம் கொடுத்ததும் "நாளைக்கு 1400 கலோரி சாப்பிடலாம்" என்றது. சாயங்காலம் ஆலங்குடி ரோட்டில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்தால், "240 கலோரி எரித்திருக்கிறீர்கள்" என்று பச்சைக் கலரில் காட்டி அன்றைய கணக்கை 1640 ஆக்கிவிடும்.

"என்னடா தம்பி சொல்லுது ஒன் போனு?" என்று அம்மா கேட்பார்.

"240 மிச்சம் இருக்கும்மா, ரெண்டு தோசை கூடச் சாப்பிடலாம்" என்பேன்.

அம்மாவும் சாப்பிடுவார். பலாப்பழ சீசனில் தோசைக்குப் பதில் நாலைந்து சுளை. எங்கள் பக்கத்தில் கீரமங்கலம், வடகாட்டுப் பலா வீட்டுக்கு வந்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? மூன்று மாதம் கழித்து எடை பார்த்தோம். 70 கிலோ 71 ஆகியிருந்தது. மூன்று மாத சர்க்கரை 7.4-லிருந்து 7.9. "நடக்கச் சொன்னா நடக்க மாட்டேங்கிறீங்க" என்று அம்மாவுக்குத் திட்டு. ஒரு நாள் விடாமல் நடந்த மனுஷி, பதில் சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் இருக்கிறதே..

வீட்டுக்கு வந்து பேப்பர், பேனா எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தப்பு எங்கே?

முதல் தப்பு, 240 என்ற எண். 70 கிலோ எடை உள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்குச் சுமார் 70 கலோரி செலவாகும். மூச்சு, இதயம், மூளை எல்லாம் ஓட வேண்டுமே. கொஞ்சம் வேகமாக நடந்தால் அதைப்போல மூன்றரை மடங்கு. முக்கால் மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 184 வருகிறது. இதில் 52 கலோரி, அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். அது ஏற்கெனவே அந்த 1400 கணக்கில் இருக்கிறது. ஆக நடையால் கூடுதலாகச் செலவானது 130 சொச்சம்தான். போன் சொன்ன 240-ல் கிட்டத்தட்ட பாதி!

இது எங்கள் ஆப்பின் குறை மட்டுமில்லை. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பை ஆறு கருவிகள் நன்றாகவே அளந்தன. கலோரியில்தான் குட்டு வெளிப்பட்டது. இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தப்பு, மோசமான கருவி 93 சதவீதம் தப்பு.

இரண்டாவது தப்பு தட்டில். ஆப்பில் "தோசை 1" என்று போடுகிறோம். யார் வீட்டுத் தோசை? எங்கள் வீட்டுத் தோசைக்கல்லில் ஊற்றினால் ஹோட்டல் தோசை ஒன்றரை வரும். சுற்றி விடும் எண்ணெயை யார் எழுதுகிறார்கள்? ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்றாலே 40 கலோரி. தேங்காய்ச் சட்னி தனி. இரண்டு தோசை எப்படிப் பார்த்தாலும் 300-ஐத் தாண்டும். 130-ஐச் செலவழித்துவிட்டு 300-ஐ உள்ளே தள்ளினால் எடை குறையுமா, கூடுமா? இதற்குக் கால்குலேட்டரே வேண்டாம்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். "எரித்ததைத் திரும்பச் சாப்பிடு" என்பவர்கள் முட்டாள்கள் இல்லை. எடை குறைவதற்கான பற்றாக்குறையை (நாளைக்கு 500 கலோரி என்று வைத்துக்கொள்வோம்) கழித்துவிட்டுத்தான் ஆப் அந்த 1400-ஐக் கொடுக்கிறது. அதற்கு மேல் ஒருவர் 600 கலோரிக்கு ஓடினால் பற்றாக்குறை 1100 ஆகிவிடும். நாலு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் தலை சுற்றும். தசை கரையும், பெண்களுக்கு மாதவிடாய்கூட நிற்கலாம். அதனால் திரும்பச் சாப்பிடு என்கிறார்கள். தர்க்கம் சரிதான். ஆனால் அந்தத் தர்க்கத்துக்கு இரண்டு பக்க எண்ணும் சரியாக இருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் நடக்கிற நம்மைப் போன்றவர்களுக்குத் தப்பின் அளவு, எரித்த அளவை விடப் பெரியது.

அப்படியானால் யார் திரும்பச் சாப்பிட வேண்டும்? உடம்பால் உழைப்பவர்கள். நாற்று நடுபவர், மூட்டை தூக்குபவர், மைதானத்தில் இரண்டு வேளை ஓடும் பிள்ளைகள். நம் கத்தக்குறிச்சி சாந்தி, செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்து 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். (பிறகு அவருக்கு நடந்த அநியாயம் தனிக்கதை.) அவரைப் போல ஓடுகிறவர்களிடம் போய் "எரித்ததைச் சாப்பிடாதே" என்று சொன்னால் அது பாவம். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும் மாத்திரை சாப்பிடுபவர்களும் என் கணக்கைக் கேட்க வேண்டாம். நடக்கும்போது மயக்கம் வரலாம், அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அம்மாவின் மாத்திரை அந்த வகை இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நானும் மாற்றினேன்.

இந்தக் கணக்கையெல்லாம் அம்மாவிடம் விளக்கியபோது சிரித்துவிட்டுத் தன் சைக்கிள் கதையைச் சொன்னார். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கி, கலெக்டர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, அதில் அம்மாவும் ஒருத்தி. அப்போது பதினேழு வயது. தண்ணீர்க் குடம், தம்பி, தங்கை எல்லாரையும் வைத்து மிதித்திருக்கிறார். "அப்ப எரிச்சத யாருடா கணக்குப் பாத்தா? வீட்டுல இருந்தாத் திம்போம், இல்லாட்டி நீத்தண்ணி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சைக்கிள் மிதித்த அந்தக் காலத்தில் அம்மா உண்மையிலேயே திரும்பச் சாப்பிட்டிருக்க வேண்டும், சோறு இல்லை. இன்றைக்கு அந்தத் தேவை இல்லை. நான்தான் போனை வைத்துக்கொண்டு ஊட்டிவிட்டேன்.

பிறகு என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றுமில்லை. ஆப்பை அழித்தேன். நடந்தாலும் நடக்காவிட்டாலும் ராத்திரித் தட்டில் அதே அளவு. நடையைச் சாப்பாட்டுக்குப் பின்னால் மாற்றினோம். நடக்கும்போது தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேராக இழுத்துக்கொள்ளும், சாப்பிட்ட பின் அது நல்ல உதவி. ரொம்பப் பசித்தால் ஒரு அவித்த முட்டையோ சுண்டலோ. பலாவுக்குத் தடை போடவில்லை, இரண்டு சுளையோடு சரி.

நாலு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தது. அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். தினமும் 130 கலோரி என்றால் நாலு மாதத்துக்கு 15,600. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது :-) நடை ஒரு மாதத்துக்கு அரை கிலோதான் தரும். அந்த அரை கிலோவையும் தோசையாகத் திரும்ப வாங்கிக்கொண்டால் மிஞ்சுவது பூஜ்யம். எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டுதான். நடைக்கு வேறு கூலி உண்டு: மூன்று மாத சர்க்கரை 7.1-க்கு வந்திருக்கிறது, அம்மா ராத்திரி நன்றாகத் தூங்குகிறார்.

ஆகவே நான் சொல்வது இதுதான். வியர்க்க விறுவிறுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தீர்களா, போன் காட்டுவதில் பாதியைச் சாப்பிடுங்கள். நாள் முழுக்க உடம்பால் உழைக்கிறீர்களா, வயிறு கேட்பதைச் சாப்பிடுங்கள். எடை குறைக்க ஊர் ரோட்டில் முக்கால் மணி நேரம் நடந்தீர்களா, வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு வழக்கமான சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் என்னைப் போல ஒரு படித்த பிள்ளை இருந்தால், முதலில் அவன் கையிலிருந்து போனை வாங்கி வையுங்கள்.