ஆளுக்கேற்ற ஸ்பிரிங்

இந்த முறை மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கைப் பற்றி எழுதுகிறேன். "எழுபதைத் தாண்டிய வயதில் உமக்கு ஏனய்யா இந்த வேலை?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டிலும் ஆறடி தாண்டிய பேரன் ஒருவன் இருக்கலாம்.

என் மகள் வயிற்றுப் பேரன் ஆறடி இரண்டு அங்குலம், 108 கிலோ. தார் சாலை, மண் பாதை இரண்டிலும் ஓடும் வகை வண்டி ஒன்றை வாங்கினான். கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரை போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மங்களூர் வந்து இறங்கினான். பள்ளம் வரும்போதெல்லாம் பின்பக்கம் அடிவரை இறங்கி 'டங்' என்று இடித்ததாம். ஒரு வளைவில் சறுக்கி விழுந்து முழங்கையிலும் சிராய்ப்பு. நான் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "முதல்ல உடம்பைக் குறைடா." அன்று இரவு அவன் சாப்பிட வரவில்லை.

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. வாலிபத்தில் நானும் அந்த உருவம்தான். பழைய வண்டி ஒன்றில் தொழுதூருக்கும் விருத்தாசலத்துக்கும் அலைந்தேன். ஆபீசில் எல்லோரும் "வண்டி பாவம் சார்" என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். சீட்டில் சாக்கை மடித்துப் போட்டு ஓட்டினேன். இன்று பெல்ட் கட்டாமல் என்னால் அரை மணி நேரம் உட்கார முடியாது. அன்று யாரும் ஸ்பிரிங்கை மாற்றலாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு பேரனையும் வண்டியையும் திண்ணை ஓரம் நிறுத்தினேன். பின் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, அச்சாணியிலிருந்து சீட்டுக்குக் கீழே போட்ட ஒரு குறி வரை அளந்தோம். வண்டியைத் தரையில் விட்டபோது அந்த அளவு 20 மில்லிமீட்டர் குறைந்தது. ஹெல்மெட், ஷூவோடு அவன் ஏறி உட்கார்ந்ததும் மொத்தம் 88 குறைந்தது. இந்த இறக்கத்துக்கு மெக்கானிக்குகள் 'சேக்' என்று பெயர் சொல்கிறார்கள். இவ்வகை வண்டியில், ஆள் உட்கார்ந்தால் மொத்த ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கலாம். அவன் வண்டியின் ஆட்டம் 200. ஆகவே 60, 65 வரை சரி. 88 என்றால் பள்ளத்தைத் தாங்க மீதி குறைவு.

"அட்ஜஸ்டரை இறுக்கினா போதும் தாத்தா" என்றான். முழுக்க இறுக்கினோம். வண்டி மட்டும் நின்றபோது 2, அவன் ஏறியதும் 70. கணக்குப் பார்த்தேன். முன்பு 88-இல் 20 போனால் 68. இப்போது 70-இல் 2 போனாலும் அதே 68. இறுக்கியதால் வண்டியின் பின்பக்கம் உயர்ந்ததே தவிர, ஸ்பிரிங் கெட்டியாகவில்லை. இழுவிசைக்கும் நீட்சிக்கும் உள்ள இந்த விகிதத்தை ராபர்ட் ஹூக் 1678-லேயே எழுதி வைத்துவிட்டார். ஸ்பிரிங்கை மாற்றாமல் விகிதம் மாறாது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் ஸ்பிரிங்குக்கு 'ரெஸோர்', ஷாக் அப்சார்பருக்கு 'அமோர்த்திஸர்'. இரண்டாவது சொல்லின் வேரில் சாவு இருக்கிறது. அதிர்வைச் சாகடிப்பது என்று பொருள். நாம் இரண்டையும் சேர்த்து 'ஷாக்' என்கிறோம். குழப்பம் அங்கேதான். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. கெட்டி ஸ்பிரிங் போட்டுவிட்டு எண்ணெய்ப் பக்கத்தைக் கவனிக்காவிட்டால் வண்டி ஆளைத் தூக்கி எறியும்.

ஆட்டத்தின் நீளத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் முன்னால் 200, பின்னால் 180 மில்லிமீட்டர். 2023-இல் வந்த ஹிமாலயன் 450-இல் இரண்டு பக்கமும் 200. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் 190-ம் 170-ம். நல்ல அளவுகள்தான். ஆனால் 60 கிலோ ஆளுக்கும் 108 கிலோ ஆளுக்கும் கடையில் ஒரே ஸ்பிரிங்தான் கிடைக்கிறது. தையற்காரர் அளவெடுக்காமல் சட்டை தைப்பதில்லை. லட்சக்கணக்கில் விற்கும் வண்டிக்கு வாங்குபவரின் எடையைக் கேட்டால் என்ன? கெட்டி ஸ்பிரிங் ஒன்றைத் தனியாக விற்றால் என்ன? இதுதான் என் கட்சி.

"செலவு செய்வதற்குப் பதில் எடையைக் குறைக்கலாமே" என்பார் உண்டு. குறைக்கட்டும், நல்லதுதான். ஆனால் உயரத்தை எப்படிக் குறைப்பது? எடை குறையும் வரை இடுப்பு காத்திருக்குமா? பேரன் சத்தம் போடும் சைலன்சருக்கு வைத்திருந்த பணத்தில் ஸ்பிரிங்கை மாற்றினான். பின்னால் மட்டும் மாற்றினால் முன்பக்கம் குத்திக்கொண்டு இறங்கும் என்பதால் முன் ஃபோர்க்கிலும் ஸ்பிரிங், எண்ணெய் மாற்றினார்கள். சீட்டில் ஃபோம் ஏற்றி, ஹேண்டில்பாரையும் சற்று உயர்த்தியதால் முழங்காலும் முதுகும் நிமிர்ந்தன. இப்போது வண்டி மட்டும் நின்றால் 12, அவன் ஏறினால் 62.

இரண்டு எச்சரிக்கை. அழுத்தி வைத்த ஸ்பிரிங்கும் வாயு அடைத்த ஷாக்கும் ஆபத்தானவை. அதற்கான கருவி இல்லாத இடத்தில் கழற்ற விடாதீர்கள். வாரண்டி போகுமா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். குமாஸ்தா புத்தி, மன்னிக்கவும்.

போன வாரம் மறுபடி வெள்ளிமலை போய்வந்தான். வந்தவன் நேராக என் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றேன். "விடுங்க தாத்தா" என்றான். பிறகு, நான் கேட்காமலே, மூன்று கிலோ குறைந்திருப்பதாகச் சொன்னான். இன்னும் குறைந்தால் டேப்பை எடுத்து மறுபடி அளக்க வேண்டும்.