பல் டாக்டர் பில்லுக்கு வரிச்சலுகை உண்டா? ஏஜெண்டு பேச்சை நம்பினால் பல்லோடு பணமும் போகும்!

சேலம்:

"சார், வேர் சிகிச்சை செஞ்சு கேப் போட்டதுல 22 ஆயிரம் ரூபா காலி. பில் பத்திரமா வச்சிருக்கேன். இன்கம்டாக்சுல கழிச்சு தர்றேன்னு ஏஜெண்டு ஒருத்தர் சொல்றாரு. குடுக்கலாமா?"

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் 45 வயது கண்டக்டர் ஒருவர் கேட்ட கேள்வி இது. மார்ச் மாதம் வந்தாலும், ஜூலை மாதம் வந்தாலும் இந்தக் கேள்வி பல பேரிடம் இருந்து வருகிறது. பதில் ரொம்ப சுருக்கம். உங்கள் வயது 60-க்கு கீழே என்றால், உங்கள் சொந்தப் பல்லுக்கு செய்த செலவுக்கு வருமான வரியில் சலுகை கிடையாது.

ஒரு காலத்தில் இருந்தது

முன்பெல்லாம் கம்பெனியில் மெடிக்கல் பில் கொடுத்தால் வருடத்துக்கு 15 ஆயிரம் ரூபாய் வரை வரி இல்லாமல் வாங்கலாம். பல் டாக்டர் பில்லும் அதில் ஓடியது. 2018 பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டு, பில்லே கேட்காத நிலையான கழிவு என்று 40 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். இப்போது புதிய வரி முறையில் அது 75 ஆயிரம். இது பல் வலித்தவருக்கும் வலிக்காதவருக்கும் ஒரே அளவுதான்.

புற்றுநோய் மாதிரி பெரிய வியாதிகளுக்கு 80டிடிபி என்று தனிப்பிரிவு இருந்து வந்தது. வாயில் புற்றுநோய் வந்தால் அதில் சேரும். சொத்தைப் பல் சேராது.

அப்பா, அம்மாவுக்கு மட்டும்

80டி என்று எல்லோருக்கும் பழகிப்போன பிரிவில் ஒரே ஒரு வழி இருக்கிறது. பெற்றோருக்கு 60 வயது தாண்டியிருக்க வேண்டும். அவர்கள் பேரில் மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கக்கூடாது. பணத்தை ரொக்கமாக கட்டியிருக்கக் கூடாது. கார்டு, ஜிபே, செக் எதுவானாலும் சரி. அப்படி இருந்தால் வருடத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கலாம். சட்டத்தில் 'மருத்துவச் செலவு' என்று பொதுவாகத்தான் இருக்கிறது, பல்லை ஒதுக்கவில்லை. அதனால் அம்மாவுக்கு கட்டிய பல் செட்டு பில்லையும் ஆடிட்டர்கள் சேர்க்கிறார்கள். பல்லை வெள்ளையாக்குவது போன்ற அழகு வேலைக்கு இது பொருந்துமா என்றால் சிக்கல்தான்.

50 ஆயிரம் கழிவு என்றால் 50 ஆயிரம் கையில் வராது. 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு செஸ்சோடு சேர்த்து 10,400 ரூபாய் மிச்சம், அவ்வளவுதான்.

இதிலும் ஒரு கொக்கி

இந்தக் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறையில் கிடையாது. ஆனால் 2025-26 நிதி ஆண்டில் இருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை. சம்பளக்காரருக்கு நிலையான கழிவோடு சேர்த்து 12 லட்சத்து 75 ஆயிரம். நம்ம கண்டக்டர் சம்பளம் அதற்கு ரொம்ப கீழே. வரியே கட்டாதவருக்கு எதில் இருந்து கழிப்பது? ஆக, இந்த சலுகை போய்ச் சேருவது பெரிய சம்பளம், வீட்டுக்கடன் என்று இருப்பவர்களுக்குத்தான். கூலிக்காரருக்கு காகிதத்தில் மட்டும்தான்.

ஏஜெண்டு வலை

இங்கேதான் ஆபத்து. ரீஃபண்டில் கமிஷன் பேசிக்கொண்டு, இல்லாத செலவை எல்லாம் 80டி-யில் எழுதிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலை 14-ந்தேதி நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டது இந்த மாதிரி ஆட்களைத்தான். தமிழ்நாடும் அதில் உண்டு. அதற்கு முந்தைய 4 மாதத்தில் சுமார் 40 ஆயிரம் பேர் பயந்துபோய் தாங்களே கணக்கை திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவை வாபஸ் வாங்கினார்கள் என்று அந்தத் துறையே சொன்னது. பொய்க் கணக்குக்கு அபராதம், ஏய்த்த வரியில் 200 சதவீதம் வரை போகலாம். அந்த நேரம் ஏஜெண்டு போனை எடுக்க மாட்டார். நோட்டீஸ் வருவது உங்கள் பேருக்குத்தான்.

அப்போ என்னதான் வழி?

மாதச் சம்பளம் 21 ஆயிரத்துக்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், பல் வைத்தியமும் அதில் அடக்கம். குடும்பத்துக்கும் சேர்த்துதான். 18 ஆயிரம் சம்பளத்தில் மாதம் 135 ரூபாய் உங்களிடம் பிடிக்கிறார்கள், முதலாளி 585 ரூபாய் கட்டுகிறார். காசு கட்டிவிட்டு தனியார் கிளினிக்குக்கு ஓடுவது ஏன்?

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் பழைய அரசு பல் மருத்துவக் கல்லூரி, 2023-ல் திறந்த புதுக்கோட்டை கல்லூரி என்று பெரிய இடங்களும் உண்டு. என்ன, அரசு ஆஸ்பத்திரிக்கு போனால் வரிசையில் நிற்க வேண்டும், ஒருநாள் கூலி போகும். அந்தக் கணக்கை எந்த பட்ஜெட்டும் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் கேட்ட கண்டக்டர் கடைசியாக சொன்னது: "அப்போ எனக்கு பில்லு வேஸ்ட்டு. அம்மாவுக்கு பல் செட்டு கட்டணும், பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிட்டு போறேன்."

சரியான முடிவுதான்.