இடமில்லை என்பதும் உரிமையில்லை என்பதும்

2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலிஃபோர்னியச் சிறைகளைப் பற்றி அளித்த தீர்ப்பில், வழக்கத்துக்கு மாறாகச் சில புகைப்படங்களும் இணைக்கப்பட்டிருந்தன. உடற்பயிற்சிக் கூடத்தில் நெருக்கியடித்துப் போடப்பட்ட அடுக்குக் கட்டில்கள் ஒரு படத்தில். மனநலம் குன்றிய கைதிகள் காத்திருக்க வைக்கப்பட்ட, தொலைபேசிக் கூண்டளவே ஆன கம்பிக்கூண்டுகள் மற்றொன்றில். ஏறத்தாழ 80,000 பேருக்கென அமைக்கப்பட்ட சிறைகளில் வழக்கு விசாரணையின்போது சுமார் 1,56,000 பேர் இருந்தனர். 54 பேருக்கு ஒரே கழிப்பறை என்ற நிலையும் இருந்தது. உரிய மருத்துவம் இன்றி ஆறேழு நாட்களுக்கு ஒரு கைதி வீணே உயிரிழப்பதாக 2005இலேயே கீழமை நீதிமன்றம் கண்டறிந்திருந்தது. கொள்ளளவில் 137.5 விழுக்காட்டுக்குக் கூட்டத்தைக் குறைக்கவேண்டும் என்ற ஆணையை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆந்தனி கென்னடி.

யாரை வெளியே அனுப்புவது என்ற கேள்விக்கு அங்கே ஏறக்குறைய எல்லாத் தரப்பும் ஒரே விடையைத்தான் சொல்லின: வன்முறையில் ஈடுபடாத குற்றவாளிகளை. விடை ஒன்றே ஆனாலும் காரணங்கள் வேறு. அவற்றுள் அதிகம் கவனிக்கப்படாததும், என் எண்ணத்தில் மிக வலுவானதும், லிபர்டேரியன்கள் எனப்படும் தனிமனிதச் சுதந்திரவாதிகள் சொல்லும் காரணம். அதே காரணம் எங்கே போதாமல் போகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

அவர்களுடைய வாதம் எளியது. பிறர் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு செய்யாத ஒருவனைத் தண்டிக்க அரசுக்கு அதிகாரமில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் வரைந்த எல்லைக்கோடு இது. 1875இல் லைசாண்டர் ஸ்பூனர், தீயொழுக்கம் வேறு, குற்றம் வேறு என்று தனிக்கட்டுரையாகவே எழுதினார். 1971இல் தொடங்கப்பட்ட லிபர்டேரியன் கட்சி இந்த மரபில் வந்தது. போதைப்பொருளை வைத்திருந்தவனைச் சிறையிலிருந்து விடுவிப்பதை அவர்கள் கருணையாகப் பார்ப்பதில்லை. உரிமையின்றிப் பறித்ததைத் திருப்பித் தருவதாகவே பார்க்கிறார்கள்.

இதன் வலிமையை அறிய மற்றக் காரணங்களோடு ஒப்பிடலாம். 2007இல் டெக்சாஸ் மாநிலம், 2012க்குள் இன்னும் 17,000 படுக்கைகள் தேவைப்படும், அதற்கு 200 கோடி டாலர் செலவாகும் என்ற கணிப்பை எதிர்கொண்டது. புதிய சிறைகளுக்குப் பதிலாக 24.1 கோடி டாலரைச் சிகிச்சைக்கும் கண்காணிப்புக்கும் ஒதுக்கியது. பயனுள்ள முடிவுதான். ஆயின் அதன் அடியில் இருந்தது கணக்கு. சிறை கட்டுவது மலிவாகிவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். 'இடமில்லை' என்ற காரணம் இடம் உண்டானதும் செத்துவிடும். 'உரிமையில்லை' என்ற காரணமோ எத்தனை சிறைகள் கட்டினாலும் அப்படியே நிற்கும்.

கலிஃபோர்னியாவில் பின்னர் நடந்தது இதற்குச் சான்று. 2014இல் வாக்காளர்கள் போதைப்பொருள் வைத்திருத்தலையும் 950 டாலருக்கு உட்பட்ட திருட்டையும் சிறுகுற்றங்களாக்கினர். 2016இல் வன்முறையற்ற குற்றவாளிகளை முன்கூட்டியே பரோலுக்குப் பரிசீலிக்க வழிசெய்தனர். கொரோனாக் காலத்தில் எண்ணிக்கை மேலும் குறைந்தது. 2021 முதல் சில சிறைகள் மூடவும்பட்டன. நெரிசல் கண்ணிலிருந்து மறைந்தது, கடைத்திருட்டுக் காட்சிகள் தொலைக்காட்சியில் நிறைந்தன. 2024 நவம்பரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் 2014இன் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத் திருப்பிப் போட்டனர். இடமில்லை என்பதற்காகத் தரப்பட்ட விடுதலை இடம் கிடைத்ததும் கேள்விக்குள்ளானது.

இதுவரை நான் லிபர்டேரியன்களின் பக்கமே. இனிச் சிக்கல்கள்.

முதலாவது திருட்டு. மூன்று முறை குற்றம் புரிந்தவனுக்கு ஆயுள் தண்டனை என்ற கலிஃபோர்னியச் சட்டத்தின்கீழ், தலைக்கு 399 டாலர் விலையுள்ள மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய ஒருவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை கிடைத்தது. 2003இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கொடுமை என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் உடைமையைப் புனிதமெனக் கருதும் ஒரு கொள்கை, இங்கே பாதிக்கப்பட்டவர் யாருமில்லை என்று சொல்ல இயலாது. இதற்கு அவர்களிடம் விடை உண்டு. தண்டனைக்குப் பதில் ஈடு செய்தல் என்ற கருத்தை 1977இல் ராண்டி பார்னெட் விரிவாக முன்வைத்தார். சிறையில் கிடக்கும் திருடனால் கடைக்காரருக்கு ஒரு காசும் திரும்பாது, அவருடைய வரிப்பணத்திலேயே திருடனுக்குச் சோறு போடப்படுகிறது என்பது கூர்மையான வாதம். எனினும் ஈடு கட்ட வழியற்ற ஏழைத் திருடன் என்ன செய்வான்? கட்டாய உழைப்புக்கு அனுப்பினால் சிறை வேறு பெயரில் திரும்பி வருகிறது.

இரண்டாவது, 'வன்முறை' என்ற சொல்லே. அது இயற்கையில் உள்ள கோடன்று, சட்டமன்றம் தயாரிக்கும் பட்டியல். கலிஃபோர்னியப் பட்டியலில், ஆள் இருக்கும் வீட்டில் புகுந்து திருடியவன் யாரையும் தொடாவிட்டாலும் வன்முறையாளன். மனைவியை அடித்துக் காயப்படுத்தியவனின் குற்றம் நெடுங்காலம் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அரசின் சொற்களை ஐயத்தோடு பார்க்கும் ஒரு கொள்கை, அரசு எழுதிய இந்தச் சொல்லை மட்டும் ஐயமின்றி ஏற்பது வியப்பளிக்கிறது.

மூன்றாவது, விடுதலை வரும் வழி. 1986இன் கூட்டாட்சிச் சட்டம் 5 கிராம் கிராக் கொக்கெயினுக்கும் 500 கிராம் தூள் கொக்கெயினுக்கும் ஒரே ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனையை வைத்திருந்தது. அதன் சுமை கறுப்பின மக்கள்மீதே விழுந்தது. 2010இல் இந்த விகிதம் குறைக்கப்பட்டது. 2018 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் பழைய கைதிகளுக்கும் அப்பயனை நீட்டித்தது. லிபர்டேரியன்கள் பலர் அதற்காக உழைத்தனர் என்பதை மறுக்கக்கூடாது. ஆனால் 2024 மே மாதம் அவர்களுடைய கட்சி மாநாட்டுக்கு வந்த டொனால்ட் டிரம்ப், 'சில்க் ரோடு' இணையச் சந்தையை நடத்தி ஆயுள் தண்டனை பெற்ற ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பதாக வாக்களித்தார். 2025 ஜனவரியில் பொதுமன்னிப்பும் வழங்கினார். இயக்கம் கொண்டாடியது. தண்டிக்க அரசுக்கு உரிமையில்லை என்பவர்கள், ஆட்சியாளரின் தனி அருளால் ஒருவருக்குக் கிடைத்த மன்னிப்பை வெற்றியாகக் கொள்வது எனக்கு உறுத்துகிறது. அருள் பெயர் தெரிந்தவரைத் தேடிச் செல்லும். உரிமைதான் பெயர் தெரியாதவருக்கும் போய்ச் சேரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. கூட்டாட்சிச் சிறைகளில் ஐந்தில் இருவருக்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் குற்றங்களுக்காக இருப்பவர்கள். ஆனால் அமெரிக்கக் கைதிகளில் பெரும்பாலோர் இருப்பது மாநிலச் சிறைகளில். அங்கே பாதிக்கும் மேற்பட்டோர் வன்முறைக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். வன்முறையற்ற கைதிகள் எல்லோரையும் நாளையே அனுப்பிவிட்டாலும் உலகின் மிகப் பெரிய சிறை அமைப்புகளில் ஒன்றாகவே அது நீடிக்கும். எஞ்சியிருப்பவர்களைப் பற்றி இந்தக் கொள்கை அதிகம் பேசுவதில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே தஸ்தாயெவ்ஸ்கி நினைவுக்கு வரக்கூடும். பெலின்ஸ்கி கோகலுக்கு எழுதிய தடைசெய்யப்பட்ட கடிதத்தை நண்பர்கள் நடுவே வாசித்ததும் பரப்பியதுமே அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. இன்றைய சொல்லில் அவர் வன்முறையற்ற கைதி. நான்காண்டுகள் ஓம்ஸ்க் சிறையில் கொலைகாரர்களோடு வாழ்ந்துவிட்டு வந்து எழுதிய நாவலில், தன்னைப் போன்ற அரசியல் கைதியைக் கதைசொல்லியாக்கவில்லை. மனைவியைக் கொன்ற ஒருவனையே ஆக்கினார். தணிக்கையும் அதற்கு ஒரு காரணம். எனினும் சிறையின் துர்நாற்றமும் இரைச்சலும் தனிமையின்மையும் அந்தக் கொலைகாரனின் குரலில்தான் நம்மை வந்தடைகின்றன. அந்த வேதனை அவனுக்குத் தகும் என்று வாசிக்கையில் நமக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே இரண்டு கேள்விகளைப் பிரித்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து. யாரை அடைக்க அரசுக்கு உரிமையில்லை என்பது ஒன்று. அதற்கு லிபர்டேரியன்கள் சொல்லும் விடையை, நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்கவேண்டும். அடைக்கப்பட்டவரை எவ்வாறு வைத்திருக்கவேண்டும் என்பது மற்றொன்று. அதில் வன்முறை செய்தவர், செய்யாதவர் என்ற பிரிவுக்கு இடமேயில்லை. 54 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது திருடனுக்கு எவ்வளவு அநீதியோ, கொலைகாரனுக்கும் அவ்வளவே அநீதி. கென்னடியின் தீர்ப்பு காக்க முனைந்தது நிரபராதிகளை அன்று, குற்றவாளிகளின் மனித மாண்பை. அந்த மாண்பைக் குறைந்த குற்றம் செய்தவர்களுக்கான சலுகையாக நாம் சுருக்கிவிட்டால், அடுத்த தேர்தலில் அதையும் திரும்பக் கேட்பார்கள்.