படியாமல் இடும் கையொப்பம்

கல்வராயன் மலையிலும் கள்ளக்குறிச்சிச் சீமையிலும் எழுத்தறியாத மூத்தோர் பத்திரங்களுக்குப் பெருவிரல் ரேகை பதித்த காலம் நெடியது. படித்துச் சொல்பவர் ஒருவர். ரேகை வைப்பவர் வேறொருவர். வாயில் குத்தகை என்பது காகிதத்தில் கிரயம் என்றிருந்தால், ரேகை மெய்யானதாயினும் நிலம் போய்விடும். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று கலாசாலைகளிற் கணினி பயில்கின்றனர். இக்காலத்து இளைஞர் சிலர் கிரிப்டோ நாணயமும் வாங்குகின்றனர். பழைய கைந்நாட்டே வேறுருக் கொண்டு திரும்பிற்றோ என்று யாம் ஐயுறுகின்றோம்.

அந்நாணயத்தின் இரகசியச் சாவியைக் கணினியில் வையாது, ஹார்டுவேர் வாலெட் என்னும் சிறு கருவியில் வைத்தல் நன்று. யுஎஸ்பி கம்பியாற் பிரவுசரோடு இணைத்த போதும் சாவி கருவியை விட்டு வெளியேறாது. பிரவுசர் அனுப்பும் ஓலைக்குக் கருவி உள்ளிருந்தே ஒப்பமிட்டுத் திருப்பும். கருவி வாங்கினோம், இனி அச்சமில்லை என்பார் பலர். அஃது அரை உண்மையே. கருவி சாவியைக் காக்குமேயன்றி, ஓலையில் எழுதியது தக்கதா என்று நமக்காகத் தீர்மானியாது.

2024 ஜூலை 18ஆம் நாள் வசீர்எக்ஸ் என்னும் இந்திய நாணயச் சந்தையினின்று ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் களவு போயிற்று. அதன் கையொப்பதாரர் ஹார்டுவேர் வாலெட்டுகள் வைத்தேயிருந்தனர். பிரவுசர்த் திரையிற் கண்டது ஒன்று, ஒப்பமிட்டது வேறொன்று என அக்கம்பெனி அறிவித்தது. காவல் புரிந்த நிறுவனம் பழியை ஏற்கவில்லை. அவ்வழக்கு நமக்கு வேண்டா. 2025 பிப்ரவரியில் பைபிட் சந்தை 150 கோடி டாலர் அளவு இழந்ததும் இத்தகைய மாயத் திரையாலேதான். 2023 டிசம்பரிலோ, பல வலைத்தளங்களைக் கருவியோடு இணைக்கும் லெட்ஜர் கம்பெனியின் நிரலிலேயே கள்வர் நஞ்சு கலந்தனர். பழைய ஊழியர் ஒருவர் ஏமாற்றப்பட்டதே அதற்கு வாயில்.

ஆதலின் பிரவுசர் காட்டுவது, பத்திரம் படித்துச் சொல்பவனது வாய்ச்சொல் போன்றது. பத்திரமோ கருவியின் சிறு திரையில் உள்ளது. பெறுவோர் முகவரியும் தொகையும் அங்கே எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். விளங்காத எழுத்துக்கோவை மட்டும் தோன்றுமாயின் பொத்தானை அழுத்தாது விடுதலே முறை. விரல்நக அளவான திரையில் அவ்வாறு காட்டி ஒப்பம் கேட்கும் கருவியைச் செய்தவர்களும் குற்றத்திற் பங்காளிகளே என்பது எமது துணிபு. பிரவுசர் முகவரியைத் தாமே தட்டெழுதுக. தேடுபொறி விளம்பரத்தின் வழியே புகற்க. மீட்புச் சொற்கள் பன்னிரண்டையோ இருபத்துநான்கையோ எந்த வலைப்பக்கம் கேட்பினும் அது கள்வனது பக்கமே.

2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், வசீர்எக்ஸ் வாடிக்கையாளர் ஒருவரது மனுவின்மேல், கிரிப்டோ நாணயமும் சொத்தே எனத் தீர்ப்பளித்தது. மகிழ்ச்சியே. ஆனால் சந்தையின்மேல் மனுச் செய்யலாம். தன் விரலே அழுத்திய ஒப்பத்தின்மேல் யாரிடம் மனுச் செய்வது?

மற்றொரு குறையும் உண்டு. மீட்புச் சொற்களுக்கென வகுத்த 2,048 சொற் பட்டியல் ஜப்பானியத்திலும், கொரியத்திலும், செக் மொழியிலும் உண்டு. அவ்வரிசையில் தமிழ் இல்லை. எம் கணினி மாணவர் அதனைத் தொகுக்க முன்வருவாராயின், வெள்ளிமலையிலிருந்து வரும் மாணவனும் தன் சாவியைத் தன் மொழியிலேயே எழுதி வைப்பான்.