ஜனத்தொகை மேல் மட்டும் பழி போடலாமா?



சுற்றுச்சூழல் ஏன் கெடுகிறது என்று நம்ம கேன்டீனில் யாரைக் கேட்டாலும், டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். "ஜனத்தொகைங்க!" பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறோமா? ஜனத்தொகை. ஏரிக்குள் வீடு முளைத்துவிட்டதா? ஜனத்தொகை. ஆறு நாறுகிறதா? அதுவும் ஜனத்தொகைதான்! பரீட்சையில் ஐந்து மார்க் வாங்கித் தருகிற பதில், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம்ம கொங்கு நாட்டு நொய்யல் ஆற்றை எடுத்து வைத்துப் பார்த்தால், இந்தப் பதில் பாதிகூடத் தேறாது என்பது என் அபிப்பிராயம். ஜவுளிப் பதனிடல் படிக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் கணக்குப் போட்டே காட்டுகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், கூட்டல் பெருக்கல் மட்டும்தான்.

முதலில் அடிப்படை. 'எக்காலஜி' என்ற சொல்லை உருவாக்கியவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, 1866-ல். கிரேக்க மொழியில் 'ஓய்கோஸ்' என்றால் வீடு. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் எதைத் தின்கிறார்கள், மிச்சத்தை யார் கூட்டி அள்ளுகிறார்கள் என்று பார்க்கிற படிப்பு இது. செடி வெயிலைச் சாப்பாடாக்குகிறது, ஆடு செடியைத் தின்கிறது, ஆட்டை நாம் தின்கிறோம். இந்தச் சங்கிலி எல்லாருக்கும் மனப்பாடம். நாம் மறந்துவிடுவது கடைசியில் நிற்கிற ஆளை. செத்ததையும் அழுகியதையும் தின்று, மறுபடி மண்ணுக்கே உரமாகக் கொடுக்கிற பாக்டீரியாவும் காளானும்தான் அந்த ஆள். பாடப்புத்தகம் அவற்றைச் சிதைப்பான்கள் என்கிறது. அவை இருக்கிற வரைக்கும் இயற்கையில் கழிவு என்று ஒன்றும் கிடையாது. ஒருத்தனுடைய எச்சில் இன்னொருத்தனுக்கு விருந்து! இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், உப்பு விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்தது தாங்குதிறன். ஒரு இடம் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்பது. இதற்குப் பேரிங் கடலில் இருக்கிற செயின்ட் மாத்யூ தீவின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1944-ல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அந்தத் தீவில் 29 கலைமான்களைக் கொண்டுபோய் விட்டது. மனிதர் வசிக்காத தீவு, மானைத் தின்னும் மிருகம் ஒன்றும் இல்லை, தரையெல்லாம் லைக்கன் பாசி. கேட்கவா வேண்டும்? 1963-ல் அவை சுமார் 6,000 ஆகிவிட்டன. லைக்கன் வளர வருஷக்கணக்காகும், மான் தின்பதற்கோ ஒரு நிமிஷம். 1966-ல் போய் எண்ணினால் மிச்சம் 42 மான்தான்!

இந்தக் கதையைக் கேட்டதும் "பார்த்தியா, நமக்கும் இதே கதிதான்" என்று சொல்லத் தோன்றும். 1798-லேயே மால்தூஸ் பாதிரியார் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். ஜனம் பெருக்கல் கணக்கில் ஏறும், சோறு கூட்டல் கணக்கில்தான் ஏறும் என்றார். 1968-ல் பால் எர்லிக் 'ஜனத்தொகை வெடிகுண்டு' என்றே புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். அவருக்கும் ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியருக்கும் நடந்த பந்தயம் சுவாரசியமானது. தாமிரம், குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் என்று ஐந்து உலோகங்கள். ஜனம் பெருகப் பெருக இவற்றின் விலை ஏறும் என்றார் எர்லிக், இறங்கும் என்றார் சைமன். 1980-ல் கட்டிய பந்தயம். பத்து வருஷத்தில் உலக ஜனத்தொகை ஏறக்குறைய 80 கோடி கூடியது. ஆனாலும் பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலை இறங்கித்தான் இருந்தது. எர்லிக் 1990-ல் 576 டாலர் சொச்சத்துக்கு செக் எழுதி அனுப்பினார். சைமன் கெட்டிக்காரர்தான். ஆனால் ஒன்று: உலோகத்துக்கு மார்க்கெட்டில் விலை உண்டு, தட்டுப்பாடு வந்தால் விலை ஏறி எச்சரிக்கும். ஆற்றுத் தண்ணீருக்கு அப்படி எந்த விலைப் பலகை இருக்கிறது?

மானுக்கும் மனுஷனுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு, அதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. அந்தத் தீவின் மான் அந்தத் தீவின் பாசியைத்தான் தின்றது. பாசி தீர்ந்ததும் அதன் வயிறுதான் காய்ந்தது. நாம் அப்படியா? அனுபவிக்கிறவன் ஒரு கண்டத்தில், அதற்காகக் கெடுகிற ஆறு இன்னொரு கண்டத்தில். அதனால் ஒரு ஊரில் தலையை எண்ணிவிட்டு அந்த ஊரின் ஆறு ஏன் கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

எர்லிக்கே இதை உணர்ந்தவர். 1970-களின் தொடக்கத்தில் அவரும் ஜான் ஹோல்ட்ரனும் சேர்ந்து ஒரு சூத்திரத்தைக் கொடுத்தார்கள். பாதிப்பு = ஜனத்தொகை × தலைக்கு நுகர்வு × தொழில்நுட்பம். தொழில்நுட்பம் என்றால், ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு கெடுக்கிறோம் என்பது. மூன்றையும் பெருக்க வேண்டும், கவனியுங்கள். நம்ம ஆட்கள் முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் வசதியாக மறந்துவிடுகிறோம். தலைக்கு ஆண்டுக்கு ஒரு இந்தியர் சுமார் 2 டன் கரியமில வாயு விடுகிறார், ஒரு அமெரிக்கர் சுமார் 14 டன். இங்கே ஏழு பேர் அங்கே ஒருத்தருக்குச் சமம்!

இப்போது நொய்யலுக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிற ஆறு. பாசனத்துக்கென்று சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992-ல் திறக்கப்பட்டது. அணைக்கு வந்து சேர்ந்ததோ திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர். கிணறுகள் உப்புக் கரித்தன, பயிர் கருகியது. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போன கொடுமை இந்த நாட்டில் வேறு எங்கே நடந்திருக்கும்?

அந்த 1991-2001 பத்து வருஷத்தில் தமிழ்நாட்டு ஜனத்தொகை 5.59 கோடியிலிருந்து 6.24 கோடியானது. வளர்ச்சி 12 சதவீதம்கூட இல்லை. திருப்பூர் நகரம் வீங்கியது உண்மை, அதன் வீட்டுச் சாக்கடையும் ஆற்றில்தான் கலந்தது. ஆனால் அந்தக் கூட்டம் பனியன் கம்பெனி வேலையைத் தேடி வந்தது. வேலை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டி-சர்ட் வாங்கியவர்களிடமிருந்து.

சரி, அந்த டி-சர்ட் ஆற்றை எப்படிக் கெடுத்தது? பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது உப்பு வேண்டும். தண்ணீரில் துணியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும், உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தைத் துணிப்பக்கம் அனுப்பும். வேலை முடிந்ததும் உப்பு எங்கே போகிறது? எங்கேயும் போவதில்லை! துணியோடு போகாது, ஆவியாகாது, போட்டது போட்டபடி தண்ணீரில்தான் இருக்கும்.

100 கிலோ துணி, கிலோவுக்கு 8 லிட்டர் குளியல் என்று வையுங்கள். 800 லிட்டர். நடுத்தர ஷேடுக்கு லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்றால் 40 கிலோ. 200 கிராம் எடையுள்ள ஒரு டி-சர்ட்டுக்கு 80 கிராம் உப்பு! டார்க் ஷேடு என்றால் இன்னும் கூடும். கழுவல் தண்ணீரெல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 80 லிட்டர் செலவானால், 8,000 லிட்டரில் 40 கிலோ உப்பு. அதாவது லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கிற வரம்பு 2,100.

ஈ.டி.பி. வைத்தால் போதாதா என்று சிவில்கார நண்பர்கள் கேட்பார்கள். அங்கேதான் நான் முன்னே சொன்ன சிதைப்பான்கள் வருகின்றன. சாதாரண ஈ.டி.பி.யில் நாம் செய்வதெல்லாம் அந்தப் பாக்டீரியாவுக்குக் காற்றைக் கொடுத்து வேலை வாங்குவதுதான். அது ஸ்டார்ச்சைத் தின்னும், சோப்பைத் தின்னும், சாயத்தில் கொஞ்சத்தையும் ஒரு கை பார்க்கும். உப்பைத் தின்ன மாத்திரம் உலகத்தில் ஆளே கிடையாது. கலர் போய்த் தண்ணீர் தெளிந்து பளபளவென்று வெளியே வரும், உப்பு அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற கலரைப் பார்த்துச் சண்டை போட்டோம், கண்ணுக்குத் தெரியாத உப்புதான் வயலைச் சாகடித்தது. 'நல்ல தண்ணி கலந்து விட்டா வரம்புக்குள்ள வந்துரும்' என்று ஒரு குறுக்கு வழியும் பேச்சில் உண்டு. மேலே போட்ட கணக்குப்படி இன்னும் 11,000 லிட்டர் நல்ல தண்ணீர் கலக்க வேண்டும். கலந்த பிறகும் ஆற்றுக்குப் போகிற உப்பு அதே 40 கிலோதான். நல்ல தண்ணீரும் சேர்ந்து நாசம்.

இனி மூன்றாவது எண்ணான தொழில்நுட்பத்தைப் பாருங்கள். பழைய வின்ச்சில் கிலோவுக்கு 16 லிட்டர் குளியல் என்றால் அதே துணிக்கு 80 கிலோ உப்பு. சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்கு மாறினால் 40. ஒரு குழந்தைகூடக் குறையாமல், ஒரு டி-சர்ட்கூடக் குறையாமல், பாதிப்பு பாதியாகிவிட்டது! கோல்டு பேட் பேட்ச் முறையில் உப்பே வேண்டாம், துணியைச் சாயத்திலும் காரத்திலும் பிழிந்து சுருட்டி, மணிக்கணக்கில் சுழலவிட்டு ஊறவைப்பார்கள். எல்லா ஆர்டருக்கும் ஒத்துவராது, ஆனாலும் வழி இருக்கிறது.

சட்டமும் கடைசியில் இந்த எண்ணைத்தான் பிடித்தது. சொட்டுக் கழிவுகூட வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் அடுப்பு அணைந்தது, அதை லேசாகப் பேசக் கூடாது. பிறகு ஆர்.ஓ. வைத்துத் தண்ணீரை மீட்டு, மிச்ச உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பையும் மீட்கிற ஏற்பாட்டோடு படிப்படியாகத் திறந்தன. மீட்ட உப்பு மறுபடி சாயக் குளியலுக்கே போகிறது. இயற்கை செய்கிற சுழற்சியை நாம் மெஷின் வைத்துச் செய்கிறோம். இதிலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. காய்ச்ச விறகோ நிலக்கரியோ எரிக்க வேண்டும், ஆற்றிலிருந்து எடுத்த பாவத்தில் கொஞ்சம் வானத்துக்குப் போகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. அதற்கு வழி கண்டுபிடிக்கிறவனுக்குக் கோயில் கட்டலாம்.

அப்படியானால் ஜனத்தொகை பிரச்சினையே இல்லையா என்று கேட்காதீர்கள். 1951-ல் இந்தியாவில் 36 கோடிப் பேர், 2011-ல் 121 கோடி. 2023-ல் சீனாவையும் முந்திவிட்டோம் என்பது ஐ.நா. கணக்கு. குடிதண்ணீர், வீடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அந்தப் பாரம் தெரிகிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8. ஜனத்தொகை சமநிலையில் நிற்க வேண்டிய 2.1-ஐவிட இது குறைவு. இளவட்டங்கள் நிறைய இருப்பதால் மொத்த எண்ணிக்கை இன்னும் கொஞ்ச காலம் ஏறும், அப்புறம் இறங்கும். பெண்கள் படித்தார்கள், தாமதமாகக் கல்யாணம் செய்தார்கள், பிறந்த குழந்தை பிழைத்தது, எண்ணிக்கை தானே குறைந்தது. நம்ம அக்கா தங்கைகள் முதல் எண்ணில் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். மூன்றாவது எண் யார் கையில்? ரெசிபி எழுதுகிற, வால்வைத் திறக்கிற ஷிப்டு சூப்பர்வைசர் கையில். இரண்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்காரப்போவது நாம்தான்.

அதனால் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். போன முறை இண்டஸ்ட்ரியல் விசிட்டில் ஒரு ஆலையில் முன்பக்க மெஷின்களை எல்லாம் காட்டி, ஜூஸ் கொடுத்து, வாசலோடு அனுப்பினார்கள். ஈ.டி.பி.யைப் பார்க்கலாமா என்றதற்கு, "அங்க வாசம் அடிக்கும் தம்பி" என்றார்கள். இந்த வருஷம் அனுமதிக் கடிதம் எழுதும்போதே பின்பக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். போனால் கலரைப் பார்த்து ஏமாறாமல் இரண்டு எண்களைக் கேட்போம். போன மாசம் வாங்கிய உப்பு எத்தனை கிலோ, மீட்ட உப்பு எத்தனை கிலோ? துண்டு விழுகிற கிலோ எங்கே போனது என்று மூன்றாவதாகக் கேட்க, நம்மில் ஒருத்தர் முன்னாடியே தயாராக இருக்க வேண்டும். யாரும் முன்வராவிட்டால் நானே கேட்கிறேன்.